பசுமைக் கணக்கில் சேராத பட்டா நிலம்

காற்றை மாற்றுவோம் என்று பொருள்படும் ‘ஹவா பத்லோ’ என்ற பெயரில் கெயில் நிறுவனம் ஒரு பிரசாரம் நடத்தியது. குறும்படங்கள், சமூக ஊடக உறுதிமொழிகள், மக்கள் இயக்கம் என்ற அறிவிப்பு என எல்லாம் அதில் இருந்தன. தூய காற்றுக்கு இயற்கை எரிவாயுவே வழி என்பது சாரம். எரிவாயு விற்பவர் எரிவாயுவின் பெருமையைப் பேசுவதில் வியப்பில்லை. வியப்பு வேறொன்று. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய ஏழு மாவட்டங்களில் ‘கெயில்’ என்ற பெயரைக் கேட்டால் ஊர்க்காரர்களின் நினைவுக்கு வந்தவை அளவைக் கொடியும் பொக்லைனும் போலீஸ் பாதுகாப்பும்தான். ஒரே நிறுவனத்தின் இந்த இரண்டு முகங்களும் ஒருமுறைகூட ஒரே மேடையில் வைத்து விசாரிக்கப்படவில்லை. பசுமைப் பூச்சு (கிரீன்வாஷிங்) என்று நாம் சொல்வதன் பலமே இந்தப் பிரிவினைதான் என்பது இக்கட்டுரையின் வாதம். நிறுவனங்கள் பெரும்பாலும் அப்பட்டமாகப் பொய் சொல்வதில்லை. எங்கே கணக்கைத் தொடங்கி எங்கே முடிப்பது என்பதை அவை தேர்ந்துகொள்கின்றன. அந்த எல்லைக்கு வெளியே விழும் முதல் இடமாக, ஏழு மாவட்டங்களிலும், விவசாயியின் தோட்டம் இருந்தது.

கொச்சி – கூட்டநாடு – பெங்களூரு – மங்களூரு குழாய்த் திட்டத்தின் தமிழ்நாட்டுப் பகுதி சுமார் 310 கிலோமீட்டர். 136 கிராமங்கள், 5,842 விவசாயிகள், ஏறக்குறைய 1.2 லட்சம் மரங்கள் பாதிக்கப்படும் என்று மாநில அரசே கணக்குச் சொன்னது. 2013இன் தொடக்கத்தில் போராட்டம் வலுத்தபோது விவசாயிகளிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அந்த மார்ச்சில் ஜெயலலிதா அரசு பணிகளை நிறுத்தி, தேசிய நெடுஞ்சாலை ஓரமாகக் குழாய் பதிக்கும்படி கெயிலிடம் கூறியது. நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. 2013 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும், 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றமும் கெயில் பக்கம் நின்றன. வழக்கின் முடிச்சு அதிகாரம் பற்றியது: 1962ஆம் ஆண்டின் பெட்ரோலியம், கனிமக் குழாய்ச் சட்டம் மத்திய அரசின் சட்டம், அதன்படி முடிவான பாதையை மாநில அரசு மாற்ற முடியாது. எரிவாயு தூய எரிபொருளா என்ற கேள்வி அந்த வழக்கின் மையத்தில் இல்லை. அது விவாதத்துக்கு அப்பாற்பட்ட உண்மைபோல ஓரத்தில் அமர்ந்திருந்தது.

அந்த 1962ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். அது நிலத்தை எடுப்பதில்லை, ‘உபயோக உரிமை’யை மட்டும் எடுக்கிறது. பட்டா விவசாயி பெயரிலேயே இருக்கும். ஆனால் 9ஆம் பிரிவின்படி குழாய் செல்லும் நிலப் பட்டையில் கட்டடம் கட்டக் கூடாது, கிணறோ குட்டையோ வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. ஈடாகக் கிடைப்பது பயிர், மரச் சேதத்துக்கான தொகையும், முதல் அறிவிக்கை வெளியான நாளில் நிலத்துக்கு இருந்த சந்தை மதிப்பில் 10 சதவீதமும். இத்திட்டத்தில் பட்டையின் அகலம் 20 மீட்டர். ஒருவரின் தோட்டத்துக்குள் குழாய் 200 மீட்டர் ஓடினால் 4,000 சதுர மீட்டர், அதாவது ஏக்கருக்குச் சற்றே குறைவு. 25 அடி இடைவெளியில் வைத்த தென்னந்தோப்பானால் ஏக்கருக்கு 70 மரங்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. வெட்டிய எழுபது மரத்துக்கு இழப்பீடு உண்டு. எழுபத்தோராவது மரத்தை அங்கே இனி எந்தக் காலத்திலும் நட முடியாது என்பதற்கு உள்ள விலைதான் அந்தப் பத்து சதவீதம். கொங்குப் பகுதியில் கிணறு இல்லாத புஞ்சைக்கும் கிணறு உள்ள தோட்டத்துக்கும் இருக்கும் விலை வித்தியாசத்தை அறிந்தவருக்கு, கிணறு வெட்டத் தடை என்பது நில மதிப்பின் அடிமடியிலேயே கைவைப்பது என்று விளக்க வேண்டியதில்லை. நான்கு ஏக்கர் வைத்திருப்பவர் குறுக்காக ஓடும் குழாயால் இழப்பது ஒரு ஏக்கரோடு நிற்பதில்லை. மிச்ச நிலமும் இரண்டு துண்டாகிறது. விற்கப்போனால் வாங்க வருபவர் முதலில் கேட்பது குழாயைப் பற்றித்தான்.

இனி எரிவாயுவின் கணக்கு. எரியும் இடத்தில் மட்டும் அளந்தால் நிறுவனம் சொல்வது சரி. மின்னுற்பத்தியில் நிலக்கரி வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதியை மட்டுமே எரிவாயு வெளியிடுகிறது. கந்தகமும் சாம்பலும் அநேகமாக இல்லை. ஆனால் இந்தக் குழாய்க்கான வாயு கொச்சி புதுவைப்பில் உள்ள பெட்ரோநெட் முனையத்திலிருந்து வரவேண்டியது; அந்த முனையத்துக்குக் கப்பலில் திரவமாக வருவது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்விக்க வாயுவிலேயே ஒரு பகுதியை எரித்தாக வேண்டும். பிறகு கடல் கடக்க வேண்டும். கரையில் மீண்டும் ஆவியாக்க வேண்டும். கொச்சிக்காக 2009இல் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் டன் வாங்க ஒப்பந்தமானது ஆஸ்திரேலியாவின் கோர்கன் வயலில் எக்ஸான்மொபில் நிறுவனத்துக்கு இருந்த பங்கிலிருந்து. வாயுவோடு வெளிவரும் கரியமில வாயுவில் 80 சதவீதத்தையாவது நிலத்தடியில் புதைப்போம் என்ற உறுதியோடு அனுமதி பெற்ற திட்டம் கோர்கன். உற்பத்தி 2016இல் தொடங்கியது. புதைக்கும் வேலை 2019 ஆகஸ்டில்தான் ஆரம்பித்தது, அதன் பிறகும் இலக்கை எட்டவில்லை. இத்துடன் கசிவைச் சேர்க்க வேண்டும். இயற்கை எரிவாயுவின் பெரும்பகுதி மீத்தேன். 20 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 80 மடங்குக்கு மேலும், 100 ஆண்டுக் கணக்கில் 30 மடங்கு அளவுக்கும் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. உற்பத்தியில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல் கசிந்தாலே, மின்நிலையத்தில் நிலக்கரிக்குப் பதில் எரிவாயு என்பதன் அனுகூலம் உடனடிக் காலத்தில் கரைந்துவிடும் என்று 2012இல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. 2018இல் வந்த ஆய்வு அமெரிக்காவின் கசிவை 2.3 சதவீதம் என்று மதிப்பிட்டது. அந்நாட்டு அரசின் கணக்கைவிட அது ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம். கசிவைக் குறைப்பதற்காக 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் பல நாடுகள் ஏற்ற மீத்தேன் உறுதிமொழியில் இந்தியா சேரவில்லை.

‘நிகர பூஜ்யம்’ என்ற அறிவிப்பிலும் இதே கத்தரிப்புதான். 2040க்குள் என்று முதலில் வைத்த இலக்கை கெயில் பின்னர் 2035ஆக முன்னிழுத்தது. பத்திரிகைகளுக்கு நல்ல தலைப்புக் கிடைத்தது. அந்த இலக்கு முதல் இரண்டு வகை உமிழ்வுகளை மட்டுமே உள்ளடக்குவது: நிறுவனத்தின் சொந்த இயந்திரங்கள் வெளியிடுவது ஒன்று, அது விலைக்கு வாங்கும் மின்சாரத்தினால் வருவது மற்றொன்று. விற்ற வாயுவை வாங்கியவர் எரிப்பதால் வருவது மூன்றாம் வகை. அதற்குச் சொல்லப்பட்ட இலக்கு 2040க்குள் 35 சதவீதக் குறைப்பு. எரிபொருள் வணிகத்தின் உமிழ்வில் மிகப் பெரிய பங்கு அந்த மூன்றாம் வகையில்தான் இருக்கிறது. சாராயக்கடைக்காரர் தாம் குடிப்பதை நிறுத்திவிட்டேன் என்று அறிவிப்பதற்கு ஒப்பானது இது; பொய்யில்லை, பொருளும் அதிகமில்லை.

குழாயை விட்டுக் கம்பிக்கு வருவோம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின் தடத்தை பவர் கிரிட் நிறுவனம் அமைத்தது. திறன் 6,000 மெகாவாட், நீளம் 1,700 கிலோமீட்டருக்கு மேல். நேர்மின்–மாறுமின் மாற்று நிலையங்களுக்கான ஒப்பந்தத்தை 2016இல் பெல் நிறுவனத்துடன் சேர்ந்து பெற்ற ஏபிபி, இது எட்டுக் கோடிப் பேருக்குப் போதுமான மின்சாரம் என்றது. தெற்கில் காற்று மிகும்போது தூய மின்சாரம் வடக்கே போகும், காற்று குறையும்போது வடக்கிலிருந்து தெற்கே வரும் என்றும் அறிவித்தது. தடம் இருவழி என்பது தொழில்நுட்ப உண்மை. ஆனால் தடத்தின் வட நுனி நிற்பது நிலக்கரிப் படுகையில். ராய்கர் மாவட்டத்தின் தம்நாரில் மட்டும் ஒரே தனியார் வளாகத்தில் 3,400 மெகாவாட் அனல் மின்திறன் இருக்கிறது, சுற்றிலும் சுரங்கங்கள். நிலம் கொடுக்க மறுக்கும் அங்குள்ள பழங்குடி மக்கள் ஆண்டுதோறும் அக்டோபர் 2 அன்று தங்கள் நிலத்து நிலக்கரியைத் தாங்களே தோண்டி ‘நிலக்கரி சத்தியாகிரகம்’ நடத்துகிறார்கள். தடத்தின் ஒரு நுனியில் அவர்கள், மறு நுனியில் சுல்தான்பேட்டையிலும் பல்லடத்திலும் தாராபுரத்திலும் உயர்மின் கோபுரத்துக்கு எதிராக உட்கார்ந்தவர்கள். இரு சாராருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. விளம்பரத்தில் இரு நுனிகளுமே இல்லை, நடுவில் ஓடும் ‘தூய மின்சாரம்’ மட்டும் இருக்கிறது.

2018 டிசம்பரில் உயர்மின் கோபுரங்களுக்கு எதிராக மேற்கு மாவட்டங்களில் பல இடங்களில் ஒரே சமயத்தில் விவசாயிகள் காத்திருப்பும் உண்ணாவிரதமும் நடத்தினார்கள். அந்தக் காலத்துப் போராட்டங்களில் ஒரு காட்சி பலமுறை படமானது: இரவில் உயர் அழுத்த மின் தடத்தின் கீழ் நின்று விவசாயிகள் ட்யூப்லைட்டைக் கையில் பிடிக்கிறார்கள், இணைப்பே இல்லாமல் அது எரிகிறது. இயற்பியல் எளிது. 400 கிலோவோல்ட் மாறுமின் தடத்தைச் சூழ்ந்த மின்புலம் விளக்குக் குழாய்க்குள்ளிருக்கும் வாயுவை ஒளிரச் செய்யப் போதும். மின்வாரியப் பொறியாளர் இதைப் பார்த்துத் தோளைக் குலுக்குவார், ஏனென்றால் விளக்கு எரிவதால் மட்டும் உடல்நலக் கேடு நிரூபணமாகிவிடாது. அந்த அளவில் அவர் சொல்வது சரியே. ஆனால் அந்த விளக்கு நிரூபிப்பது வேறொன்று. தடத்தின் தாக்கம் கோபுரத்தின் நான்கு கால்கள் ஊன்றிய இடத்தோடு முடிந்துவிடுகிறது என்றுதான் இழப்பீட்டுக் கணக்கு நெடுங்காலம் நம்பியிருந்தது. காலுக்கு அப்பாலும் ஏதோ இருக்கிறது என்பதைக் கண்ணால் காணக் காட்டியது விளக்கு. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் அதிகாரத்தை 2003 மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு வழியாகப் பெற்று, நிலத்தை எடுக்காமலேயே கம்பி இழுக்கப்படுகிறது. கம்பிக்குக் கீழான பாதைக்கு மதிப்பில் 15 சதவீதம் வரை தரலாம் என்று மத்திய மின்துறை வழிகாட்டியதே 2015 அக்டோபரில்தான். 800 கிலோவோல்ட் தடத்துக்கான பாதையின் அகலம் 69 மீட்டர். முன்பு சொன்ன 200 மீட்டர் தோட்டத்தின் குறுக்கே அது போனால் ஏறக்குறைய மூன்றரை ஏக்கர் அதன் நிழலுக்குள் வந்துவிடும். 2024 ஜூனில் கோபுர அடிநிலத்துக்கு மதிப்பைப்போல் இருமடங்கு, பாதைக்கு 30 சதவீதம் என்று மத்திய அரசு உயர்த்தியது. போராடியவர்கள் மிகைப்படுத்துகிறார்கள் என்று அதுவரை சொல்லிவந்தவர்களுக்கு அந்த உயர்வே பதில்.

ஆனாலும் இந்தப் போராட்டங்களில் ஒரு விட்டுக்கொடுத்தல் இருந்தது. கெயில் ஆனாலும் கோபுரம் ஆனாலும் மேடையிலிருந்து வந்த முதல் வாக்கியம் பெரும்பாலும், ‘திட்டத்துக்கு நாங்கள் எதிரி அல்ல, பாதையை மாற்றுங்கள்’ என்பதுதான். வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்ற முத்திரையிலிருந்து தப்ப அது உதவியது. எல்லாக் கட்சிக்காரர்களும் பந்தலுக்கு வந்து உட்கார வழிசெய்தது. அந்த ஒரு வாக்கியத்தில் ‘தூய எரிபொருள்’, ‘பசுமை மின்சாரம்’ என்ற உரிமைகோரல் மறுப்பின்றி ஏற்கப்பட்டுவிட்டது. ஏற்ற பிறகு எஞ்சுவது தொகைப் பேரம். உரிமைகோரலையே குறிவைத்த எதிர்ப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. வேதாந்தா குழுமம் 2012இல் ‘மகிழ்ச்சியைப் படைக்கிறோம்’ என்ற பொருள்படும் விளம்பரத் தொடரும் குறும்படப் போட்டியும் நடத்தியது. எதிர்த்தவர்கள் ‘போலி மகிழ்ச்சி’ என்று பெயர்வைத்து எதிர்ப்போட்டியே அறிவித்தார்கள். நடுவர்களாக இருந்த ஷியாம் பெனகலும் குல் பனாகும் விலகிக்கொண்டார்கள். கொங்கு எல்லைக்குள் அந்தக் குழுமத்துக்கு மேட்டூரில் மால்கோ அலுமினிய ஆலை இருந்தது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பாக்சைட் வெட்டி நடந்த ஆலை அது, 2008இல் உருக்கும் வேலை நின்றது. விளம்பரத்தை எதிர்த்தவர்கள் மும்பையிலும் டெல்லியிலும் பேசினார்கள். சுரங்கத்தைப் பார்த்தவர்கள் சேலத்தில் இருந்தார்கள். இந்த இரண்டும் சேராமல் போனது அந்தப் போராட்டத்தின் குறை. கொங்குப் போராட்டத்தின் குறை அதற்கு நேர் எதிரானது.

சட்டம் இப்போது ஓரளவுக்கு மாறியிருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபர் 15 அன்று பசுமைப் பூச்சைத் தடுக்க வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ‘தூய’, ‘பசுமை’, ‘சூழலுக்கு இணக்கமான’ போன்ற சொற்களைத் தகுந்த விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது. வருங்கால இலக்கைச் சொன்னால் அதை அடையும் செயல்திட்டம் இருக்க வேண்டும். விளம்பரத் துறையின் சுயக்கட்டுப்பாட்டு மன்றமும் அதே ஆண்டு பிப்ரவரியில் தன் விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. படிக்க நன்றாக இருக்கிறது. நுணுகிப் பார்த்தால் இரண்டு ஓட்டைகள் தெரியும். ஒரு குறிப்பிட்ட பொருளையோ சேவையையோ சுட்டாத, நிறுவனத்தின் பொதுவான குறிக்கோள் வாசகம் பசுமைப் பூச்சாகக் கருதப்படாது என்பது முதலாவது. எரிசக்தி நிறுவனங்கள் பொருளை விற்பதைவிடத் தங்கள் பெயரை விற்கவே அதிகம் விளம்பரம் செய்கின்றன. கெயிலோ பவர் கிரிட்டோ முழுப்பக்க விளம்பரம் கொடுப்பது சூலூர்க்காரர் கடையில் போய் ஒரு லிட்டர் மின்சாரம் வாங்குவதற்காக அல்ல. இரண்டாவது, சட்டம் காப்பது நுகர்வோரை. விளம்பரத்தை நம்பிக் காசு கொடுத்தவர் ஏமாற்றப்பட்டாரா என்பதே அதன் அளவுகோல். தோட்டத்தில் கோபுரம் நிற்பவர் எதையும் வாங்கவில்லை. அவரை விளம்பரம் ஏமாற்றவும் இல்லை. அவருக்கு எதிராக மற்ற எல்லோரையும் அது தயார்செய்து வைக்கிறது. நாட்டுக்கு நல்லது நடக்கும்போது நாலு பேர் குறுக்கே நிற்கிறார்கள் என்ற எண்ணத்தை நகரவாசியிடம் உண்டாக்குகிறது. அந்தச் சேதத்துக்குச் சட்டத்தில் பெயர் இல்லை.

இது இந்தியாவின் குறை மட்டுமல்ல. 2023 ஜூனில் பிரிட்டனின் விளம்பரத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஷெல் நிறுவனத்தின் விளம்பரங்களைத் தடைசெய்தது. காற்றாலையையும் மின்வாகன மின்னேற்றியையும் காட்டிவிட்டு, தொழிலின் பெரும்பகுதி எண்ணெயும் எரிவாயுவும்தான் என்பதை மறைத்தது தவறு என்பது காரணம். 2025 அக்டோபரில் பாரிஸ் நீதிமன்றம் டோட்டல் எனர்ஜீஸ் தன் நிகர பூஜ்ய வாக்குறுதிகளால் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியது என்று தீர்ப்பளித்தது. உலகம் பாராட்டிய அந்தத் தீர்ப்பிலும் எரிவாயுவைப் பற்றிய புகார்கள் ஏற்கப்படவில்லை. வாங்குபவர் என்ற ஆள் இல்லாவிட்டால் எந்த நாட்டிலும் வழக்கு நொண்டுகிறது.

இதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது, எரிவாயு நிலக்கரியைவிட நல்லது என்பதை மறுக்க முடியுமா என்பது. முடியாது. திருப்பூர்ச் சாயப்பட்டறைக் கொதிகலன்களில் விறகும் நிலக்கரியும் எரிவதற்குப் பதிலாக எரிவாயு எரிந்தால் பக்கத்துத் தெருவில் இருப்பவரின் நுரையீரலுக்கு நல்லதே. அந்த அளவுக்கு ‘நிலக்கரியைவிட’ என்ற அடைமொழியோடு விளம்பரம் செய்யட்டும். அடைமொழியை விட்டுவிட்டு, திரவமாக்கலையும் கசிவையும் கணக்கில் சேர்க்காமல், ‘தூய’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்துவதில்தான் ஆட்சேபம். குழாயின் பாதுகாப்பையும் இதே கறாரோடு பார்க்க வேண்டும். 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டத்தில் நகரம் என்ற ஊரில் கெயில் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஈரம் நீக்காத வாயு சென்றதால் குழாய் அரிக்கப்பட்டிருந்தது. அந்தக் குழாயும் எரிவாயு முனையத்திலிருந்து வரும் குழாயும் ஒன்றல்ல என்று பொறியாளர்கள் சொல்வார்கள், அதிலும் நியாயம் உண்டு. ஆனால் தோட்டத்து வீட்டுக்காரர் அஞ்சியது கற்பனை ஆபத்துக்கு அல்ல என்பதற்கு நகரம் சாட்சி.

இரண்டாவது மறுப்பு, காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுபோகவும் கம்பி வேண்டாமா என்பது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நம்பி உடுமலை, பல்லடம் பக்கம் நிறைந்திருக்கும் காற்றாலைகளுக்குத் தடம் கிடைக்காமல் நிறுத்திவைக்கப்பட்ட பருவங்கள் உண்டு. ஆகவே கம்பியே கூடாது என்பவர் பசுமை மின்சாரத்தையும் மறுப்பவர் ஆகிறார். கேள்வி கம்பி எப்படிப் போகிறது என்பது. புகளூரிலிருந்து திருச்சூருக்கு 320 கிலோவோல்ட் நேர்மின் தடம் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அதில் கேரளப் பகுதியில் சுமார் 27 கிலோமீட்டர் நிலத்தடிக் கேபிளாகப் போகிறது. பாதை கிடைப்பது கடினம் என்பது காரணம். அதே திட்டம் எல்லைக்கு இந்தப் பக்கம் கோபுரமாக நிற்கிறது. 6,000 மெகாவாட் தடத்தை அப்படியே மண்ணுக்குள் இறக்கிவிடலாம் என்று சொல்பவர் செலவையும் தொழில்நுட்பத்தையும் அறியாதவர். 400 கிலோவோல்ட் மாறுமின் கேபிள் நீண்ட தூரத்துக்கு ஒத்துவராது என்பதும் உண்மை. ஆனால் 27 கிலோமீட்டருக்குச் செலவழிக்க முடிந்ததற்குக் காரணம் பொறியியல் மட்டுமில்லை, அங்கே மறுப்புக்கு இருந்த விலையும்தான். மாத வாடகை கொடுங்கள் என்று கொங்கு விவசாயிகள் கேட்டதும் இந்தக் கோணத்தில்தான் அர்த்தமாகிறது. செல்போன் கோபுரத்துக்கு வாடகை உண்டு, தனியார் காற்றாலைக்கு நிலத்தின் விலை உண்டு; தேசத்தின் தடத்துக்கு மட்டும் ஒருமுறைச் சேதத் தொகை என்பது எந்த நியாயம்?

மூன்றாவது மறுப்பு கொஞ்சம் கசப்பானது. இலவச மின்சாரத்தில் மோட்டார் ஓட்டுபவர்கள் மின் கோபுரத்தை எதிர்க்கலாமா? அந்த மின்சாரமும் பெருமளவு நிலக்கரியில் பிறந்ததுதானே? மேட்டூர் அனல் நிலையத்தின் 1,440 மெகாவாட்டும் கொங்கு மண்ணில்தானே எரிகிறது? வரலாறு இதற்கு ஒரு பாதிப் பதிலைத் தருகிறது. மின் கட்டணத்தில் யூனிட்டுக்கு ஒரு பைசா உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் இறந்தார்கள். நாராயணசாமி நாயுடு தலைமையில் 1972இல் கோவையை மாட்டுவண்டிகள் முற்றுகையிட்டன. இலவச மின்சாரம் அந்தப் போராட்டங்களின் நீண்டகால விளைவே தவிர யாரும் தந்த தானம் அல்ல. மீதிப் பாதிக்கு இங்கே யாரும் பதில் சொன்னதில்லை. போராடியவர்கள் நிலம் வைத்திருப்பவர்கள். இழப்பீடு எவ்வளவு உயர்ந்தாலும், தோப்பு போனதும் தேங்காய் பறிக்கும் வேலையை இழப்பவருக்கு எந்த வழிகாட்டு நெறியிலும் ஒரு ரூபாய் இல்லை. கொங்குத் தொழிலும் இந்தப் பூச்சுக்கு விலக்கல்ல. திருப்பூர் பின்னலாடைத் துறை தன் ஊரைப் பசுமை நகரமாக வெளிநாட்டு வணிகர்களுக்குக் காட்டும்போது காற்றாலையும் சூரிய மின்சக்தியும் முன்வரிசையில் நிற்கின்றன. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும்வரை நொய்யலில் என்ன ஓடியது, ஒரத்துப்பாளையம் அணையில் என்ன தேங்கியது என்பது அந்தக் கணக்கின் எல்லைக்கு வெளியே. சுத்திகரிப்பு அதன் பிறகு பெருமளவு மேம்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், நதிக்கரை நிலம் அந்த வேகத்தில் மீளவில்லை என்பதையும்.

ஆகவே கேட்க வேண்டியது குறிப்பானது. ‘பசுமை’ என்று விளம்பரம் செய்யும் எரிசக்தி நிறுவனம் எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை அளந்தது, எந்த வகை உமிழ்வை விட்டது, அந்தத் திட்டத்தின் பாதையில் எத்தனை ஏக்கர் மீது தடை விதித்தது என்ற மூன்றையும் அதே விளம்பரத்தில், அதே எழுத்தளவில் அச்சிட வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆம் பிரிவு ஆணையத்தின் பணியைச் சொல்லும்போது நுகர்வோரோடு பொதுமக்களின் நலனையும் குறிப்பிடுகிறது. தவறான விளம்பரம் பற்றிய புகாரை 17ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம். 16ஆம் பிரிவின்படி அவர் விசாரித்து ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம். நில அளவைக்குப் போலீஸ் பாதுகாப்பு தருவதும் அதே அலுவலகம்தான். மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் இதுவரை குவிந்த மனுக்களில் சர்வே எண்களும் மரக் கணக்கும் உண்டு, விளம்பரம் இல்லை. இருகூரிலிருந்து பெங்களூரு அருகேயுள்ள தேவனகொந்திக்கு பாரத் பெட்ரோலியம் பதிக்கும் குழாய்க்கு எதிராகக் கோவை, திருப்பூர் விவசாயிகள் சாலையோரப் பாதை கேட்டுப் போராடிவருகிறார்கள். அதில் ஓடப்போவது பெட்ரோலும் டீசலும். 2040க்குள் நிகர பூஜ்யம் என்கிறது நிறுவனம், அதுவும் முதல் இரண்டு வகை உமிழ்வுகளுக்கு மட்டும். அடுத்த குறைதீர்ப்புக் கூட்டத்தில் கொடுக்கும் மனுவோடு அந்த அறிவிப்பின் நகலையும் இணைத்து, குழாயில் போகும் டீசல் எரிந்தால் வரும் புகை இந்தப் பூஜ்யத்தில் எங்கே இருக்கிறது என்று எழுத்தில் பதில் கேட்கலாம்.